கியோட்டோ கல்லின் மூட்டம்

இழைப்புளி அலகை எதில் தீட்டுவது என்று கேட்டால், ஆயிரம் எண் செயற்கைக் கல்லும் அதற்கு மேல் ஒரு மெருகுக் கல்லும் போதும் என்பார்கள். கூருக்கு அது போதும்தான். கண்ணுக்குப் போதாது.

ஜப்பானியத் தச்சரின் அலகு இரண்டு உலோகங்களை ஒட்டி அடித்தது. மேலே தடித்த மெல்லிரும்பு, அடியில் மெல்லிய ஏடாகக் கடின எஃகு. செயற்கை மெருகுக் கல் இரண்டையும் பெரும்பாலும் ஒரே பளபளப்புக்குக் கொண்டுவந்துவிடும். கியோட்டோ மலைகளில் வெட்டிய இயற்கைக் கல்லோ இரண்டையும் பிரித்துக் காட்டும். அதில் கடைசித் தீட்டு முடித்த அலகைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிரும்பில் மங்கலான வெண்மூட்டம். ஜப்பானியர் அதைக் 'கசுமி' என்பார்கள். எஃகில் ஆழ்ந்த ஒளி. இடையே மயிரிழைக் கோடு. இரும்பு பழைய இரும்பாக இருந்தால், அதன் நாரோட்டம்கூட மரத்தின் ரேகை போல எழுந்து தெரியும்.

இந்த நயத்தின் பிறப்பு ஒரு பேரழிவில் இருக்கிறது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில், கடல் உயிர்களில் பெரும்பகுதி அழிந்தது. அதுவரை ஆழ்கடல் தரையில் ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் படிந்து செர்ட் பாறையாக இறுகிவந்தன. அவை அருகிப்போன காலத்தில் நுண்களிமண்ணே மேலோங்கிப் படிந்தது. மறுபடி செர்ட் தொடங்கும்வரை படிந்த அந்த இடைப்பட்ட அடுக்குதான் தீட்டுக்கல்லானது. எஃகை அறுக்கும் அளவுக்குச் சிலிக்கா, கீறாத அளவுக்குக் களிமண். இந்த அளவு அமைந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்பு அடங்கவில்லை.

நகாயாமா, ஓஹிரா, ஷோபுதானி என்று ஒவ்வொரு மலைக்கும் தனிப் பெயர் உண்டு. சுரங்கங்களில் பெரும்பாலானவை மூடிவிட்டதால் விலையும் ஏறிவிட்டது. காக்கை நிறத் திட்டு, செந்தாமரைப் புள்ளி என்று முகத்தழகுக்கே கூடுதல் பணம் கேட்பார்கள். அவை பார்க்க அழகு. கூருக்கு அவற்றால் ஆதாயமில்லை. கல்லின் குறுக்கே ஓடும் கோடுகளைத்தான் கவனிக்க வேண்டும். நகத்தால் வருடும்போது தட்டினால், அந்தக் கோடு அலகின் முனையைக் கொத்தும்.

கடினமும் முக்கியம். இழைப்புளிக்கும் உளிக்கும் தட்டையான, இறுகிய கல் வேண்டும். கத்திக்குச் சற்று இளகிய கல் தகும். தண்ணீரில் ஊறப் போடக் கூடாது, தெளித்தாலே போதும். பக்கங்களில் அரக்குப் பூசி வைப்பது, அடுக்கடுக்கான பாறை நீர் குடித்துப் பிளக்காமல் இருக்கத்தான்.

ஆனாலும் ஒரே மலையின் இரண்டு கற்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒருவரின் எஃகுக்கு உயிர் கொடுக்கும் கல் இன்னொருவரின் எஃகில் வெறுமனே வழுக்கும். மலையின் பெயரையும் முத்திரையையும் நம்பி வாங்காதீர்கள். உங்கள் அலகை எடுத்துப்போய், அந்தக் கல்லிலேயே தீட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.