அரியலூர்ப் பாறைகளும் பிளான்போர்டின் படமும்

அடியில் கிடப்பது மூத்தது, மேலே கிடப்பது இளையது. பாறை அடுக்குகளைப் பற்றி நீங்கள் வகுப்பில் படித்த முதல் பாடம் இதுவாகத்தான் இருக்கும். இந்தப் பாடத்தோடு மட்டும் அரியலூர்ப் பக்கம் போனால் ஏமாந்து போவீர்கள்.

அங்குள்ள பாறைகளை முறையாகப் படமாக்கியவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவரும் இவரே. 1862இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை வெளியிட்ட அவருடைய நூல், இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தது. கல்லின் நிறத்தை மட்டும் நம்பாமல், அதில் புதைந்த கிளிஞ்சல்களையும் நத்தைக் கூடுகளையும் ஆதாரமாகக் கொண்டார். ஊட்டத்தூர் அடுக்குகள் படிந்து, ஓரளவு அரிக்கப்பட்ட பின்னரே அவற்றின்மேல் திருச்சிராப்பள்ளி அடுக்குகள் படிந்தன என்பதையும் கண்டுகொண்டார். கால்நடையாகத் திரிந்த ஒருவர் இவ்வளவு கண்டது பெரிய காரியம். அப்பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன.

ஆனால் அந்தப் படத்தில் ஒரு குறை உண்டு. கிணறும் ஓடைக்கரையும் காட்டிய ஆழமே அவருக்குத் தெரிந்த ஆழம். கண்டங்கள் நகர்கின்றன என்று வெகெனர் சொன்னதே 1912இல்தான். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் அண்டார்க்டிகாவும் பிரியத் தொடங்கியபோது, இந்த விளிம்பு இழுபட்டு விரிசல் கண்டது. வடகிழக்கு–தென்மேற்காக நீண்ட பாளங்கள் சில அமிழ்ந்தன. சில மேடாக நின்றன. அரியலூர்–புதுச்சேரி, தஞ்சாவூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று இன்று நிலவியலார் கூறும் தாழிகள் அப்படிப் பிறந்தவை. பின்னர் கடல் உள்ளே வந்தது.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். மேட்டின் ஓரத்தில் பவளம் வளர்ந்த அதே காலத்தில், பக்கத்துப் பள்ளத்தில் சேறு படிந்திருக்கும். கல் வேறு, காலம் ஒன்று! மேலும், அமிழ்ந்த பக்கத்தில் அடுக்கு தடிக்கும். மேட்டை நெருங்கினால் மெலியும், சில இடங்களில் இல்லாமலே போகும். விருத்தாசலம் பக்கம் மேற்பரப்பில் அரியலூர்த் தொகுதி மட்டுமே தெரிவதை நினைவிற் கொள்க. 1960களிலிருந்து எண்ணெய்க்காகத் துளையிட்டதில், காவிரிக் கழிமுகத்தின் அடியில் 5,000 மீட்டருக்கும் மேற்பட்ட படிவுகள் இருப்பது தெரிந்தது. மேற்பரப்புப் படத்தின் வண்ணம் இதை எப்படிச் சொல்லும்?

ஆயினும் என் மனத்தாங்கல் பிளான்போர்டிடம் இல்லை. அவர் பிரித்த மூன்று தொகுதிகளை, தோசையை அடுக்கினாற்போல் ஒரே தடிப்பில் கோடு போட்டுக் காட்டும் பிற்காலப் பாடப் படங்களிடம்தான். போதாததற்கு, ஒரே பாறைக்கு ஆளுக்கொரு பெயர் வைத்தும் குழப்பிவிட்டார்கள். மாணவர் பெயர்களை மனப்பாடம் செய்கிறார். பாளம் எந்தப் பக்கம் அமிழ்ந்தது என்று கேட்பதில்லை.

கல்லக்குடிச் சுரங்கத்தில் சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுத்த பிறகே அதன் அடியிலிருந்த சாம்பல்நிறக் களிப்பாறை வெளிப்பட்டது. பிளான்போர்டுக்குக் கிட்டாத காட்சி அது. அதே வெட்டுதான் கல்லங்குறிச்சிச் சிப்பிகளைச் சிமெண்டுச் சூளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பது வேறு கதை.

காரைக்குப் போனால், களிமண் மேட்டில் ஜிப்சத்தோடு விரல்போன்ற கற்கள் கிடக்கும். பெலம்னைட் என்னும் கணவாய் இனத்தின் எச்சம். சுமார் 10 கோடி ஆண்டு வயது. அவற்றைப் பொறுக்காமல் விட்டுவிட்டு, அடுக்கு எத்திசையில் சாய்கிறது என்று முதலில் பாருங்கள். பிளான்போர்டின் படத்தை அதன் பிறகு விரிக்கலாம்.