உருளைக்கிழங்கு குழைந்த நாள்

படத்தை நிறுத்தியபோது நான் அரங்கில் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் டோக்கன் எண்ணிக்கொண்டிருந்தேன். விழாக்குழுவில் ஏழு பேர், பெண் நான் ஒருத்தி. ஆகவே உணவு என் பொறுப்பு. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை. திரையில் ஓடிக்கொண்டிருந்த படத்தைப் பரிந்துரைத்தவளும் நான்தான்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி, ஒரு நாள் திரைப்பட விழா. காலையில் ருத்ரையாவின் ‘அவள் அப்படித்தான்’, அடுத்து ஷாந்தால் ஆக்கெர்மானின் ‘ழான் டீல்மன்’, மதியம் குறும்படப் பட்டறை, மாலையில் மாணவர் படங்கள். 201 நிமிடப் படத்துக்கு நிகழ்ச்சி நிரலில் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தத் தாளைப் பார்த்த அன்றே நான் சண்டை போட்டிருக்க வேண்டும்.

ஆக்கெர்மான் பெல்ஜியத்துக்காரர். 1975இல் இந்தப் படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 25கூட நிரம்பவில்லை. பிரஸ்ஸெல்ஸ் நகரத்து விதவை ஒருத்தியின் மூன்று நாட்கள்தான் படம். உருளைக்கிழங்கு தோலுரிக்கிறாள், மகனின் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறாள், படுக்கையை மடிக்கிறாள், குளித்த தொட்டியைத் தேய்த்துக் கழுவுகிறாள். மதியம் ஒரு ஆண் வருகிறான், காசு கொடுத்துவிட்டுப் போகிறான். அந்தக் காசு சாப்பாட்டு மேசைமேல் இருக்கும் சூப்புப் பாத்திரத்துக்குள் போகிறது. பாபெத் மாங்கோல்தின் கேமரா நகர்வதே இல்லை, முகத்துக்கு நெருங்கிப் போவதும் இல்லை. எதிரே நின்று, வேலை முடியும்வரை பார்க்கிறது. 2022இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இது முதலிடம் பெற்றது. 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்த வாக்கெடுப்பில் ஒரு பெண் இயக்கிய படம் முதலில் வந்தது அப்போதுதான். குழுவில் படத்துக்கு அனுமதி கிடைத்ததும் அந்த வாக்கெடுப்பின் பெயரால்தான், உருளைக்கிழங்கின் பெயரால் அல்ல.

ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும். “ஒண்ணுமே நடக்கலையே சார்” என்று பின்வரிசையில் குரல் எழுந்ததாம். ஒருங்கிணைப்பாளர் எழுந்து, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது, முக்கியமான இடத்தை மட்டும் பார்த்துவிடலாம் என்று சொல்லி, கடைசிப் பகுதிக்கு ஓட்டிவிட்டார். படுக்கையறை, கத்தரிக்கோல், கொலை. சாப்பிட வந்த பையன்கள் அதைப் பற்றித்தான் பேசினார்கள். “செம ட்விஸ்ட் மேம்!”

விட்டுப்போனது எது? இரண்டாம் நாள் அடுப்பிலிருந்த உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் அலைகிறாள். திரும்ப உட்கார்ந்து உரிக்கிறாள். ராத்திரிச் சாப்பாடு தாமதமாகிறது. மறுநாள் காபி ருசிக்கவில்லை, கொட்டிவிட்டு மறுபடி போடுகிறாள். கடிகாரம்போல் ஓடிய வீடு பல் பல்லாகக் கழன்றுகொண்டே வந்துதான் கத்தரிக்கோலுக்குப் போய்ச் சேர்கிறது. அந்த நேரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? தொழில் செய்தவள், கொலைகாரி. நம் செய்தித்தாள்களுக்கு நன்றாகத் தெரிந்த பெண். வேலையை வெட்டி எறிந்துவிட்டுக் குற்றத்தை மட்டும் திரையிட்டுவிட்டோம்.

இதை எழுதும்போது என் வகுப்பறையும் நினைவுக்கு வருகிறது. குறுந்தொகை 167ஆம் பாடலைப் பதினெட்டு வருடமாக நடத்துகிறேன். கூடலூர் கிழார் பாடியது. புதுமணப் பெண் தயிர் பிசைந்து, கையைச் சேலையில் துடைத்து, தாளிக்கும் புகை கண்ணில் ஏறச் சமைக்கிறாள். கணவன் நன்றாயிருக்கிறது என்று உண்கிறான், அவள் முகம் லேசாக மலர்கிறது. பார்த்துவந்து சொல்பவள் செவிலி. புகையையும் கறைபட்ட சேலையையும் அவள் விட்டுவிடவில்லை. விட்டவள் நான். ஒவ்வொரு வருடமும் கணவன் வாயிலிருந்து வரும் அந்தச் சொல்லுக்கு ஓடிப்போய், அங்கே நின்று இல்லற இன்பம் பேசினேன். நானும் ‘முக்கியமான இட’த்துக்கு ஓட்டிவிடுகிறவள்தான். ஆக்கெர்மானின் வீட்டிலோ அப்படி ஒரு சொல் வருவதற்கே ஆளில்லை. மகன் புத்தகத்தைப் பார்த்தபடி சாப்பிடுகிறான்.

‘அவள் அப்படித்தான்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1978இல் வந்த படம், இன்றும் கூர்மை மழுங்கவில்லை. பெண்களின் நிலை பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருண் கேமராவோடு கேள்வி கேட்கிறான், மஞ்சுவைக் கடைசிவரை புரிந்துகொள்வதில்லை. அதைப் பார்த்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, பட்டறையில் ஆறு குழுக்களில் ஐந்தில் கேமரா பையன் கையில். பெண் பிள்ளைகள் நடிக்கிறார்கள், குறிப்பெடுக்கிறார்கள். பயிற்றுநரிடம் கேட்டேன். “கேமரா வெயிட்டா இருக்கும் மேடம்” என்றார். பத்து லிட்டர் குக்கரைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார் போல.

ஆறாவது குழுவில் ஒரு இரண்டாம் ஆண்டு மாணவி. கேமராவுக்குக் காத்திராமல் தன் போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்து, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் அண்டா கழுவும் இரண்டு அக்காக்களை எடுத்திருந்தாள். நான்கு நிமிடம், ஒரே ஷாட். அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்க்கிறார் ஒருவர். வெளியே வந்து மூச்சு வாங்குகிறார், மறுபடி உள்ளே போகிறார். இரண்டு மணி நேரம் அவர்களுக்குப் பத்தடி தள்ளி டோக்கனோடு நின்ற நான் இதைப் பார்க்கவில்லை. நாற்பது வினாடியாகக் குறைத்து இசை சேர்க்கும்படி பயிற்றுநர் சொன்னார். குறைத்துச் சேர்த்தாள்.

மாலைத் திரையிடல் ஆறரைக்கு. பெண்கள் விடுதிக் கதவு மூடுவது ஆறு மணிக்கு. ஆண்கள் விடுதிக்கு அப்படி ஒரு நேரம் இல்லை. அவள் படம் அவள் இல்லாமல் ஓடியது.

“கைதட்டுனாங்களா மேம்?” மறுநாள் வராந்தாவில் கேட்டாள்.

தட்டினார்கள் என்றேன். வெட்டுவதற்கு முந்தைய நான்கு நிமிடம் போனில் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேரை வீட்டுக்கு அழைத்தேன். மதியச் சாப்பாட்டைக் கடையில் வாங்கினோம். பத்தரைக்கு, முதலில் அவளுடைய நான்கு நிமிடம், பிறகு ஆக்கெர்மான். நடுவில் ஒருத்தி தூங்கினாள், அது தப்பில்லை. பாத்திரத்தோடு ழான் அலையும் இடம் வந்தது. “ஐயோ, குழைய விட்டுட்டாளே” என்றாள் தரையில் உட்கார்ந்திருந்தவள். இன்னொருத்தி திரையைப் பார்த்து, மசித்துவிடச் சொல்லி யோசனை சொன்னாள். படம் முடிய இரண்டே கால் ஆனது. கொலை பற்றி யாரும் உடனே பேசவில்லை, அந்த உருளைக்கிழங்கைப் பற்றித்தான் பேச்சு. ஐந்து மணிக்கு அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.