மலைக்காரர்கள் ஒட்டிய சுவரொட்டி

பெரு நாட்டின் தலைநகர் லீமாவில் மழை என்று சொல்லத்தக்க ஒன்று பெய்வதே இல்லை. ஆனால் ஜூன் தொடங்கி அக்டோபர் வரை பசிபிக் கடலிலிருந்து கிளம்பும் மூடுபனி நகரத்தின் தலைக்கு மேலேயே கவிந்து கிடக்கும். வானம் சாம்பல், பாலைநிலக் குன்றுகள் சாம்பல், அவற்றில் ஏறிச் செல்லும் பூசாத வீடுகளும் ஏறக்குறைய அதே நிறம். 1980களில் நகரின் கிழக்குச் சாலையோரச் சுவர்களில் வேறு மாதிரியான சுவரொட்டிகள் வரத் தொடங்கின. கரிய பின்னணி, அதன் மேல் கண்ணைக் குத்தும் இளஞ்சிவப்பும் எலுமிச்சைப் பச்சையும் ஆரஞ்சும், வீங்கிப் புடைத்து, ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு நிற்கும் எழுத்துகள். எந்தக் கிழமை, எந்தத் திடலில், எந்தக் குழு பாடுகிறது என்பதைத் தவிர அவற்றில் வேறு சேதி கிடையாது.

லீமாவின் பழைய குடும்பத்தார் அதைப் பட்டிக்காட்டு ரசனை என்று முகம் சுளித்தார்கள். இன்று அதே எழுத்து கலைக்கூடங்களிலும் உணவகச் சுவர்களிலும் துணிப்பைகளிலும் இருக்கிறது. வடிவமைப்புப் பள்ளிகள் அதை 'சிச்சா' பாணி என்று பாடமாக வைத்துப் பேசுகின்றன. எழுத்தை மட்டும் தனியே கழற்றி எடுத்து ரசிப்பவர்கள் அதில் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். அந்தச் சுவரொட்டியின் மறுபாதி ஒரு பாட்டு. அந்தப் பாட்டுக்கு அடியில் ஒரு நெடுஞ்சாலை.

லீமாவிலிருந்து கிழக்கே புறப்படும் மத்திய நெடுஞ்சாலை 4,800 மீட்டருக்கு மேல் ஏறி, ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடந்து, மந்தாரோ பள்ளத்தாக்கில் உள்ள வான்காயோ நகருக்கு இறங்குகிறது. பண்ணையடிமைத்தனத்திலிருந்தும் பஞ்சத்திலிருந்தும் தப்பி, மலைக்குடிகள் இந்தச் சாலை வழியாகத்தான் தலைநகருக்கு வந்தார்கள். 1980இல் 'ஒளிரும் பாதை' கெரில்லாக்களுக்கும் அரசுக்கும் போர் மூண்டபோது, இரு தரப்புக்கும் அஞ்சி இன்னும் பலர் வந்தார்கள். 1940இல் ஆறு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த லீமாவின் மக்கள்தொகை, 1981 கணக்கெடுப்பில் நாற்பத்தைந்து லட்சத்தையும் தாண்டிவிட்டது. அரசின் கரைகளை மக்கள் உடைத்துக்கொண்டு பெருகிவிட்டார்கள் என்று மானுடவியலாளர் ஹோசே மாத்தோஸ் மார் 1984இல் ஒரு நூலே எழுதினார்.

வந்தவர்கள் தங்கள் வைனோ பாடல்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஐந்து சுரங்களில் சுழலும் மலைப்பாட்டு அது. பிரிவும் அழுகையும் அதன் இயல்பு. நகரத்து வானொலியில் கொலம்பியாவின் கும்பியா ஆட்ட இசை ஓடிக்கொண்டிருந்தது, அதோடு அமெரிக்க ராக் கிட்டாரும். என்ரிக்கே டெல்காடோ 1966இல் தொடங்கிய 'லோஸ் தெஸ்தெயோஸ்' குழு, அக்கார்டியன் இருக்கவேண்டிய இடத்தில் மின்கிட்டாரை வைத்துக் கும்பியாவை வாசித்தது. அமேசான் காட்டு நகரமான புக்கால்பாவில் 'ஹுவானேக்கோ' குழு இதையே தன் பாணியில் செய்தது. எண்ணெய் கண்டெடுத்த ஊர்களின் பணமும் கேளிக்கையும் அந்தக் காட்டுக் கும்பியாவில் கேட்கும். இவர்களுக்குப் பின்னால் வந்த மலைக்காரப் பிள்ளைகள் வைனோவின் மெட்டை அதே தாளத்தில் ஏற்றினார்கள். வான்காயோவில் 1981இல் உருவான 'லோஸ் ஷாபிஸ்' பழைய வைனோ ஒன்றை மாற்றிப் பாடிய 'எல் அகுவஹால்' நாடெங்கும் ஓடியது. வெள்ளை உடையில் வானவில் பட்டைகளோடு அவர்கள் மேடையேறினார்கள். அந்த உடைக்கும் சுவரொட்டிக்கும் உள்ள உறவைச் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

ஆனால் சிச்சா என்றே பெயர்பெற்ற இந்தக் கலப்பிசையின் குரல் என்றால் சக்கலோன்தான். இயற்பெயர் லோரென்சோ பாலாசியோஸ். லீமாவின் ஒரு சந்தைக்குப் பக்கத்துக் குன்றுச் சேரியில் வளர்ந்து, கூலிக்காரனின் தனிமையைப் பாடியவர். சக்கலோன் பாடினால் குன்றுகள் இறங்கி வரும் என்று லீமாவில் சொல்வார்கள். குன்றுகளில் குடியிருப்போர் வாரம் முழுதும் மூட்டை தூக்கிவிட்டு ஞாயிறன்று திடலுக்குத் திரண்டு வந்ததைப் பற்றிய பேச்சு அது. 1994இல் அவர் இறந்தபோதும் குன்றுகள் இறங்கி வந்தன.

இந்தக் கூட்டத்தை அழைக்கும் வேலையைத்தான் சுவரொட்டி செய்தது. செய்தித்தாள் விளம்பரத்துக்குக் குழுக்களிடம் பணமில்லை. பேருந்தில் நின்றுகொண்டு போகிறவர் ஒரே பார்வையில் படித்துவிட வேண்டும். ஃபோர்த்துனாத்தோ உர்க்குவராங்காவும் 'மோன்கி' என்று அறியப்பட்ட பெத்ரோ ரோஹாஸும் இந்தக் கலையின் முன்னோடிகள். யார் முதலில் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. முறை எளியது, உழைப்பு அதிகம்: எழுத்தைக் கையாலேயே வரைந்து, தாளைக் கத்தியால் வெட்டி ஸ்டென்சில் ஆக்குவார்கள், துணித்திரை கட்டிய சட்டத்தில் அதை ஒட்டி, ஒளிரும் மைகளை ரப்பர் கட்டையால் இழுத்து அச்சிடுவார்கள். இரண்டு நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி ஒரே இழுப்பில் இழுத்தால், இளஞ்சிவப்பு மெல்ல ஆரஞ்சாகக் கரையும். கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா ஒளியையும் வாங்கி நிறமாகத் திருப்பித் தருவதால் அந்த மை சாதாரண மையைவிடக் கூடுதலாக மின்னும். அதே காரணத்தால் சீக்கிரம் வெளுத்தும் போகும். அதனால் நட்டமில்லை, கச்சேரி அடுத்த வாரமே முடிந்துவிடும்.

நிறங்கள் எங்கிருந்து வந்தன? மந்தாரோ பள்ளத்தாக்குப் பெண்கள் திருவிழாவுக்கு உடுத்தும் கரிய துணியில் பளீர் நூலால் பின்னிய பூவேலையைச் சுட்டிக்காட்டுவார்கள். நம்பத் தகுந்த விளக்கம்தான். ஆனாலும் மரபு மரபு என்று இதை ஒரேயடியாகப் பழமைக்குள் தள்ளிவிடக் கூடாது. ஒளிரும் மை ஆலையில் செய்த ரசாயனம். மின்கிட்டாரைப் போலவே மலைக்குப் புதிது.

எழுத்தின் அளவைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். ஒரே தாளில் ஐந்தாறு குழுக்களின் பெயர் இருக்கும். எவருக்கு மவுசு அதிகமோ அவர் பெயர் அரைத்தாளை அடைத்துக்கொள்ளும்; வளரும் குழு ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். பெயர்களின் நீளத்துக்கேற்ப எழுத்தை இழுத்தும் நசுக்கியும் வளைத்தும் இடமே மிச்சமில்லாமல் நிரப்ப வேண்டிய கட்டாயத்தில்தான் அந்த வடிவம் பிறந்தது. அழகு பின்னால் வந்து சேர்ந்தது.

இடையில் 'சிச்சா' என்பது மலிவானது, முறைகேடானது எல்லாவற்றுக்கும் வசைச்சொல்லாகிவிட்டது. 1990களில் அதிபர் ஃபுஜிமோரியின் ஆட்சி எதிர்க்கட்சியினரை இழிவுபடுத்தக் காசு கொடுத்து நடத்திய மஞ்சள் பத்திரிகைகளையும் 'சிச்சா பத்திரிகை' என்றே அழைத்தார்கள். பாட்டுக்காரர்கள் செய்த பாவம் என்னவோ!

நிலைமை மாறியதில் வெளியூர்க் காதுகளுக்கும் பங்குண்டு. லீமாவின் தெருக்கடைகளில் பழைய பதிவுகளை வாங்கிக் கேட்ட ஒலிவியே கொனான் என்ற இசைக்கலைஞர், 2007இல் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து அவற்றைத் தொகுத்து 'சிச்சாவின் வேர்கள்' என்ற பொருள்பட ஓர் இசைத்தட்டாக வெளியிட்டார். 'கண்டுபிடிப்பு' என்று உலக இசை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். லட்சக்கணக்கானோர் ஆடித் தீர்த்த பாட்டைக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆனாலும் அந்தத் தட்டு வந்த பிறகுதான் லீமாவின் நடுத்தர வர்க்கத்துப் பலர் வெட்கமில்லாமல் இதைக் கேட்டார்கள் என்பதும் உண்மை. உர்க்குவராங்காவின் மகன் எலியட் துபாக், அப்பாவின் பட்டறையில் சிறுவயதிலேயே பழகிய எழுத்தைச் சுவரோவியமாகப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார். உள்ளூரில் மட்டும் முரண் தீரவில்லை. 2015இல் பதவியேற்ற மேயர் லூயிஸ் கஸ்தஞேதா, பழைய நகர மையத்தில் முந்தைய நிர்வாகக் காலத்தில் வரைந்த சுவரோவியங்களை மஞ்சள் பெயிண்ட் அடித்து அழிக்கச் செய்தார். யுனெஸ்கோ மரபுப் பகுதி விதிகளைக் காரணம் காட்டினார்கள். மஞ்சள் அவருடைய கட்சியின் நிறம் என்பதை ஊரே கவனித்தது.

பட்டறைகளை அடித்தது வேறொன்று. நம்மூரில் சுவரெழுத்துக்காரர்களின் பிழைப்பில் மண் போட்ட அதே ஃபிளெக்ஸ்தான் அங்கும். பாடகரின் வண்ணப்படத்தோடு ஒரே நாளில் அச்சாகி வரும்போது யார் தாளை வெட்டிக்கொண்டிருப்பார்கள்? பிழைத்திருக்கும் பட்டறைகளில் சில, இப்போது கச்சேரித் தகவலுக்குப் பதில் ஒரு சிறு வாசகத்தை, தன்மானம் பற்றியோ ஊர்ப்பற்று பற்றியோ, அதே ஒளிரும் எழுத்தில் அச்சிட்டுக் கலை வாங்குவோருக்கு விற்கின்றன. அச்சு நேர்த்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அவை சற்று வெறுமையாகப் படுகின்றன. மூன்று சொல்லை எழுத எவ்வளவு இடம் வேண்டுமானாலும் இருக்கிறது. எழுத்து நெருக்கிக்கொள்ளவும் முண்டியடிக்கவும் அங்கே காரணமில்லை. பழைய சுவரொட்டியில் ஆறு குழுவின் பெயரும் திடலின் வழியும் பேருந்துத் தடமும் நுழைவுக் கட்டணமும் ஒரே தாளில் மல்லுக்கட்டின. நெடுஞ்சாலையோரத்தில் வைனோ கச்சேரிகளுக்காக இன்றும் ஒட்டப்படும் தாள்களில், கணினியில் தயாரித்தவையே ஆனாலும், அந்த மல்லுக்கட்டு இருக்கிறது. சேகரிப்பாளர்கள் அவற்றை இன்னும் தேடத் தொடங்கவில்லை.