படமும் தரையும்: பிச்சாவரத்திலும் நிலாவரையிலும் ஒரு புவியியல் வகுப்பு

யாழ்ப்பாணத்து உயர்தர மாணவருக்கு 1:50,000 இடவிளக்கப்படம் பழகிய பொருள். இலங்கை முழுவதையும் 92 தாள்களில் காட்டும் அந்தத் தொகுதியிலிருந்து ஒரு துண்டு வினாத்தாளோடு வரும்; சமவுயரக் கோடுகளைப் பார்த்தே மலையையும் பள்ளத்தாக்கையும் இனங்காண வேண்டும். தமிழ்நாட்டின் கரையோரத்தில் நிலைமை வேறாக இருந்தது. கடலையும் நாட்டெல்லையையும் ஒட்டிய ஏறத்தாழ 80 கிலோமீட்டர் அகலப் பகுதிக்கான தலப்படங்களை (இடவிளக்கப்படங்களுக்கு அங்கே வழங்கும் பெயர்) இந்திய நில அளவைத் துறை எல்லோர் கைக்கும் விடவில்லை. 2005இன் தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கெனத் தனிப் படவரிசையை அறிவித்த பிறகே அந்தப் பிடி தளர்ந்தது. அதுவரை சிதம்பரத்து ஆசிரியர் மாணவரைப் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குக் கூட்டிப்போகலாம்; அந்த இடத்தின் தலப்படத்தை அவர்களிடம் கொடுப்பதுதான் அரிது.

யாழ்ப்பாணத்தில் படம் இருந்தது, தரை இல்லை. போர்க்காலத்தில் காங்கேசன்துறை உட்பட வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. சுண்ணாம்புக்கல் எப்படிக் கரைகிறது, நன்னீர் கடலோரத்தில் எப்படி ஊறுகிறது என்பதையெல்லாம் ஒரு தலைமுறை, சொந்த மண்ணை மிதிக்காமலே மனனம் செய்தது. அந்த இழப்பை நாம் இன்னும் சரியாகப் பேசவில்லை என்றே நினைக்கிறேன்.

இப்போது இரண்டு கரைகளிலும் தடை பெருமளவு நீங்கிவிட்டது. போர் முடிந்த 2009க்குப் பிறகு தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாக மக்கள் நயினாதீவுக்கும் யாழ்ப்பாணக் கோட்டைக்கும் வருகிறார்கள். பிச்சாவரத்தில் படகுச் சவாரிக்கு வரிசை நிற்கிறது. ஆனால் நம் பள்ளிகளின் கல்விச் சுற்றுலா சிகிரியாவுக்கும் நுவரெலியாவுக்கும், தமிழ்நாட்டுப் பள்ளிகளின் சுற்றுலா ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறது. பக்கத்து இடத்துக்குச் சுற்றுலாப் பயணி வந்துவிட்டார். வகுப்பு இன்னும் வரவில்லை.

இந்தியா இதைக் கொள்கையாகவாவது எழுதியிருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்குப் புத்தகப்பை இல்லாத 10 நாட்களைச் சொல்கிறது. மாணவர் சென்று கற்க 100 சுற்றுலா இடங்களை அடையாளம் காணவும் சொல்கிறது. நாள் ஒதுக்குவது நல்லது. இடத்தை மேலிருந்து தெரிவுசெய்வதில் எனக்கு உடன்பாடில்லை. அது ஆசிரியரின் வேலை. தேர்விலும் வேறுபாடு உண்டு: இந்தியாவின் சிபிஎஸ்இ வாரியத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் புவியியலில் 100க்கு 30 மதிப்பெண் செய்முறைக்கு. இலங்கை உயர்தரத்தில் செய்முறைப் புவியியலும் எழுத்துத் தேர்வுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. செய்முறைக்குத் தனி மதிப்பெண் தருவதையாவது நாம் இந்தியாவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பதிலுக்குக் கொடுக்க நம்மிடமும் உண்டு: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் புவியியல் மாணவர் தமிழில் எழுதும் ஆய்வேடுகள். அவை நூலக அடுக்கிலிருந்து பள்ளி வகுப்புக்கு இறங்க வேண்டும்.

படமும் தரையும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பிச்சாவரமே சான்று. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சுரபுன்னைக் காட்டை ஒட்டிய கரையில் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஆய்வு செய்தவர்கள், காட்டின் மறைவில் இருந்த ஊர்களில் உயிரிழப்புக் குறைவு என்றார்கள். அதே தரவை மீண்டும் ஆராய்ந்த வேறு சிலர், ஊர் எவ்வளவு உயரத்தில், கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதே பெரும்பாலும் காரணம் என்று மறுத்தார்கள். எது சரி? படகில் ஒரு சுற்றுப் போய்வந்தால் இதற்கு விடை தெரியாது. வகுப்பறைப் பலகையிலும் தெரியாது. தலப்படத்தில் உயரம் பார்த்து, ஊருக்குள் நடந்து, அன்று தப்பியவர்களிடம் கேட்டால் பதினாறு வயதுப் பிள்ளையும் தன் கருத்தைச் சான்றோடு சொல்லும்.

யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றிலும் இப்படி ஒரு பாடம் காத்திருக்கிறது. சுண்ணாம்புக்கல் கரைந்து உருவான அந்தப் பள்ளத்தில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். எட்டிப் பார்த்துப் படமெடுத்துப் போகிறவருக்கு அது ஓர் அதிசயம். மாணவர் செய்ய வேண்டியது வேறு: கயிற்றில் போத்தல் கட்டி வெவ்வேறு ஆழத்தில் நீரெடுத்து உப்பை அளக்கலாம், மாரி முடிந்ததும் ஒரு தடவை, கோடை முற்றியதும் ஒரு தடவை. கூடவே சுற்றியுள்ள தோட்டங்களும் புதிய விடுதிகளும் எந்தக் கிணற்றிலிருந்து எவ்வளவு இறைக்கின்றன என்று வீடு வீடாகக் கேட்டு, அதே 1:50,000 படத்தில் குறிக்கலாம்.