நான்கு டொலர்த் தண்ணீர்

இசையைப் பற்றிப் பேசப் புகுந்த ஒருவன் சோற்றின் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அதனை இரசனைக் குறைவென்று கருதி முகஞ்சுளிப்போர் நம் மத்தியில் இன்றும் உளர். செவிக்கு உணவு வேறு, வயிற்றுக்கு உணவு வேறு என்பது அவர்களது கட்சி. ஆயின், இரண்டு இலட்சம் மக்களை மூன்று நாட்கள் வேலிக்குள் வைத்து நடத்தப்படும் ஒரு விழாவிலே அவர்கள் எதை உண்டார்கள், எதைக் குடித்தார்கள், அதற்காக யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கேள்விகளைக் கலைக்குப் புறம்பானவை என்று எவ்வாறு ஒதுக்க முடியும்? வூட்ஸ்டொக் என்னும் பெயரில் அமெரிக்காவிலே நடைபெற்ற இசை விழாக்கள் பற்றிய மூன்று திரைப்படங்களை அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்தபோது இக்கேள்விகள் என்னை விடாது தொடர்ந்தன.

முதலாவது, 1969ஆம் ஆண்டு விழாவைப் பற்றி மைக்கேல் வாட்லி நெறிப்படுத்தி 1970இல் வெளிவந்து ஒஸ்கார் பரிசு பெற்ற படம். மற்றைய இரண்டும் 1999ஆம் ஆண்டு விழாவைப் பற்றியவை. ஒன்று, எச்.பி.ஓ. நிறுவனம் 2021இல் வெளியிட்டது; சமாதானம், அன்பு, சீற்றம் என்னும் மூன்று சொற்களையும் தலைப்பிலே கொண்டது. மற்றது, நெற்பிளிக்ஸ் நிறுவனம் 2022இல் மூன்று பகுதிகளாக வெளியிட்டது. அதன் தலைப்பு தடம்புரண்டு நொருங்கிய புகைவண்டியை நினைவூட்டுவது. தலைப்புகளே இருவேறு விளக்கங்களை முன்வைக்கின்றன. ஒன்றின்படி நடந்தது சீற்றம். மற்றதன்படி நடந்தது விபத்து. இரண்டையும் நான் முழுமையாக ஏற்பதற்கில்லை.

1999 விழா நடந்த இடத்தை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நியூ யோர்க் மாநிலத்தில் ரோம் என்னும் சிறு நகரின் அருகே, 1995இல் மூடப்பட்ட கிறிஃபிஸ் விமானப்படைத் தளம் அது. நிழல் தரும் மரங்கள் அரிது; கொங்கிறீற்றும் தாரும் பரந்து கிடக்கும் வெளி. இரு பெரும் மேடைகளுக்கிடையே நெடுந்தூரம் வெயிலில் நடக்க வேண்டும். யூலை மாதத்தின் அந்த மூன்று நாட்களிலும் வெப்பம் 38 பாகை செல்சியசை அண்டி நின்றது. நுழைவுச்சீட்டின் விலை 150 டொலர். வாயிலில் பைகள் சோதிக்கப்பட்டு, கொண்டுவந்த உணவும் தண்ணீரும் பறிக்கப்பட்டன. உள்ளே ஒரு போத்தல் தண்ணீர் 4 டொலர். ஓராள் உண்ணும் பீட்சா 12 டொலர்.

இந்த எண்களை வெறும் எண்களாகப் பார்த்தால் அவற்றின் பொருள் விளங்காது. 1999இல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5 டொலர் 15 சதம். அந்தக் கூலிக்கு உழைக்கும் ஓர் இளைஞன் ஒரு போத்தல் தண்ணீருக்காக ஏறத்தாழ முக்கால் மணிநேரம் உழைத்திருக்க வேண்டும். ஒரு பீட்சாவுக்கு இரண்டேகால் மணிநேரத்துக்கும் மேல். அந்த வெயிலில் ஒரு போத்தல் ஒருவனுக்கு எம்மட்டுக்குப் போதும்? இலவசக் குழாய்கள் இருந்தன என்பது உண்மையே. அவற்றின் முன் நின்ற வரிசைகளின் நீளத்தையும், பொறுமையிழந்தோர் குழாய்களை உடைத்தமையால் உண்டான சேற்றையும், அதில் மலசலகூடக் கழிவு கலந்ததையும் 2022ஆம் ஆண்டுப் படம் ஒளிக்காமல் காட்டுகிறது. இது அப்படத்தின் சிறப்பென்றே கூறுவேன்.

ஆனால் காட்டுவது ஒன்று, விளங்கிக்கொள்வது வேறொன்று. இரு படங்களிலும் தண்ணீரின் விலை பல காரணங்களுள் ஒன்றாக, வெயில், குப்பை, காவலர் குறைபாடு, பாடகர்களின் ஆவேசம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கப்படுகிறது. 2021ஆம் ஆண்டுப் படம் இன்னும் ஒருபடி சென்று, தொண்ணூறுகளின் இறுதியில் எழுந்த ஒருவகை முரட்டு ரொக் இசையிலும் அதனை விரும்பிய வெள்ளை இன இளைஞரின் மனப்பாங்கிலும் காரணத்தைத் தேடுகிறது. அத்தேட்டத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் லிம்ப் பிஸ்கிற் குழுவினர் பாடியது சனிக்கிழமை. தீ மூண்டது ஞாயிறு இரவு. துப்பாக்கி வன்முறைக்கு எதிரான அஞ்சலிக்கென வழங்கப்பட்ட மெழுகுதிரிகளிலிருந்து அத்தீ பிறந்தது. அது எதைத் தேடிச் சென்றது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘சமாதான மதில்’ என்று பெயரிட்டு வர்ணந்தீட்டிய பலகை வேலி விறகாயிற்று. விற்பனைக் கூடாரங்கள் சூறையாடப்பட்டன. காசு வழங்கும் இயந்திரங்கள் உடைக்கப்பட்டன. மூன்று நாட்களாகத் தம்மிடமிருந்து காசு கறந்த பொருள்களை அக்கூட்டம் அடையாளங்கண்டிருந்தது.

ஒன்றை இவ்விடத்தில் அழுத்திச் சொல்லியாக வேண்டும். அவ்விழாவிலே பெண்கள் பலர் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். அக்கொடுமையையும் தண்ணீரின் விலையைக் கொண்டே விளக்கிவிட முயல்வது கொச்சைப் பொருளாதாரவாதம். பசித்தவன் கூடாரத்தை உடைத்ததும் ஓர் ஆண் ஒரு பெண்ணைத் தாக்கியதும் ஒரே கோபத்தின் இரு வடிவங்கள் அல்ல. 2021ஆம் ஆண்டுப் படம் இவ்விடயத்திற் காட்டும் அக்கறை நேர்மையானது. அதனை இடதுசாரி வாசகர் குறைத்து மதிப்பிடலாகாது.

இனி 1969க்கு வருவோம். அன்று எல்லாம் இலவசமாகவும் அன்பாகவும் நடந்தது, முப்பது ஆண்டுகளில் வணிகம் புகுந்து கெடுத்தது என்பதே பொதுவாக நிலவும் கதை. 1970ஆம் ஆண்டுப் படம் அக்கதைக்கு உருக்கொடுத்தது. அதனைப் பார்த்தோர் நெஞ்சில் நின்றவை மழையும் சேறும், பகிர்ந்துண்ணும் இளைஞர்களுமே. எரிந்த உணவுக்கடைகள் அந்நினைவில் இடம்பெறவில்லை. ஆம், 1969இலும் கடைகள் எரிந்தன. உணவு விற்கும் உரிமையைப் பெற்ற அனுபவமற்ற மூவர் தம் நிறுவனத்துக்கு ‘அன்புக்காக உணவு’ என்னும் பொருளில் பெயர் சூட்டியிருந்தனர். நாலு இலட்சம் பேர் வந்து குவிந்ததும், 25 சதத்துக்கு விற்ற ஹொட் டோக் ஒரு டொலராயிற்று. சனி இரவு கூட்டத்தினர் சில கடைகளுக்குத் தீ வைத்தனர். அன்று குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டொலர் 60 சதம் என்பதையும் சேர்த்து எண்ணிப்பார்த்தால், அன்பின் விலையும் அற்பமன்று என்பது புலனாகும்.

அவ்வாறாயின் 1969இல் பெருந்தீ ஏன் மூளவில்லை? மக்கள் நல்லவர்களாக இருந்தமையாலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலி கட்டி முடியவில்லை என்பதே முதற் காரணம். சீட்டு விற்க முடியாதுபோய் விழா இலவசமாயிற்று. அடைப்பு இல்லாத இடத்தில் உணவு வெளியிலிருந்து வரத் தொடங்கியது. ஹொக் ஃபாம் என்னும் கூட்டு வாழ்வுக் குழுவினர் தானியத்தையும் காய்கறிகளையும் அண்டா அண்டாவாக வேகவைத்து இலவசமாகப் பரிமாறினர். அவர்களை வரவழைத்ததும் தானியத்துக்குக் காசு கொடுத்ததும் விழா நடத்தியவர்களே என்பதை அவர்களை வழிபடுவோர் மறந்துவிடுவர், விமரிசகன் மறக்கலாகாது. அயலூரான மொன்ரிசெல்லோவின் யூத சமூக நிலையத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சான்ட்விச் செய்து அனுப்பினர். நிலத்தை வாடகைக்குக் கொடுத்த பால்பண்ணைக்காரர் மக்ஸ் யாஸ்கர், வியத்நாம் போரை ஆதரித்த பழமைவாதி. அயலவர் சிலர் தண்ணீரை விற்கிறார்கள் என்று கேட்டதும் வெகுண்டு, தம் களஞ்சியத்தில் இலவசத் தண்ணீர் என்று பெரிதாக எழுதிவைத்தார்.

கோயிற் திருவிழாவிலே மேளக் கச்சேரி கேட்கப் போய்த் தண்ணீர்ப்பந்தலில் மோர் குடித்து வளர்ந்த நமக்கு யாஸ்கரின் செயல் புதுமையாகத் தோன்றாது. அதற்காக நாம் பெருமைப்பட்டுக்கொள்ளவும் வேண்டாம். அப்பந்தலில் யாருக்கு எந்தப் பாத்திரத்தில் வார்க்கப்பட்டது என்பதை நம் பெரியவர்கள் அறிவர். விலையில்லாத தண்ணீரிலும் வேலி உண்டு.

வேலியைப் பற்றிய இந்த எண்ணமே இரு படங்களும் தவறவிட்டது. ஏகபோக விலையிலிருந்து வாடகை பிறக்கிறதா, அன்றி வாடகையிலிருந்து ஏகபோக விலை பிறக்கிறதா என்பதை வேறுபடுத்திப் பார்க்க வேண்டுமென மார்க்ஸ் ‘மூலதன’த்தின் மூன்றாம் தொகுதியிலே, அருமையான திராட்சை மதுவை உதாரணங் காட்டி விளக்குகிறார். இசை விழாவில் இரண்டும் ஒன்றாகவே நிகழ்கின்றன. வாயிலில் போத்தலைப் பறித்தவுடன் உள்ளேயுள்ள போத்தலுக்கு ஏகபோகம் கிட்டிவிடுகிறது. அந்த ஏகபோகத்தைக் குறிவைத்தே விழா நடத்துவோர் கடைக்காரனிடம் இடத்துக்கு வாடகையும், பெரும்பாலும் விற்பனையில் ஒரு பங்கும் வாங்குகிறார்கள். வாடகை கொடுத்தவன் அதனை விலையில் ஏற்றுகிறான். 1999இல் உணவு விற்பனை உரிமை பிறர்க்கு விற்கப்பட்டிருந்தமையால் விலையைக் குறைக்க வழியிருக்கவில்லை என்ற விளக்கம் 2022ஆம் ஆண்டுப் படத்தில் வருகிறது. அது வெறும் சாட்டு அல்ல. உள்ளபடியான பொறிமுறையே அதுதான். படம் அதனை ஒரு நிருவாகத் தவறாகக் கருதி அப்பால் நகர்ந்துவிடுகிறது.

ஆகவே சட்டியோடு நிற்கும் கடைக்காரனை வில்லனாக்குவது எளிது, அநியாயமும்கூட. முற்பணம், மின்சாரம், வேலையாட்களின் கூலி, பெய்தால் எல்லாம் பாழாகும் மழை ஆகிய யாவும் அவன் தலையில். அண்மைய ஆண்டுகளில் மாவும் எண்ணெயும் எரிவாயுவும் ஏறியதும் உண்மையே: பிரித்தானியாவில் 2023 மார்ச்சில் உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட 19 வீதத்துக்கும் மேல் உயர்ந்திருந்தது. ஆயினும் சந்தையில் ஏறிய விலை எல்லோருக்கும் ஏறிய விலை. வேலிக்குள் அதன்மேல் இன்னொரு விலை ஏறுகிறது. அதற்கு விளைச்சலும் காரணமல்ல, போரும் காரணமல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. நப்ஸ்ரர் என்னும் இணையவழிப் பகிர்வு தோன்றியது இதே 1999இல். அதன்பின் இசைத்தட்டு விற்பனை பல ஆண்டுகள் சரிந்தது. இசைத்தொழிலின் மூலதனம் தட்டைக் கைவிட்டு மேடையை நாடியது. கேட்பவனுக்குப் பாட்டு ஏறத்தாழ இலவசமாயிற்று. பாட்டைக் கேட்க அவன் நிற்கும் நிலம் விலை ஏறிற்று.

இதற்குக் கலிபோர்ணியாவின் கோச்செல்லா விழாவைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ரோமில் தீ அணைந்து மூன்று மாதங்கள் கூட ஆகாத 1999 ஒக்ரோபரில் அது முதன்முதல் நடந்தது. நாளொன்றுக்கு 50 டொலர்; உள்ளே வந்த ஒவ்வொருவர்க்கும் ஒரு போத்தல் தண்ணீர் இலவசம். நான்கு டொலர்த் தண்ணீருக்கு அது ஒரு மறுமொழியாகவே அமைந்தது. விழா பெருநட்டத்தில் முடிந்தது. அடுத்த ஆண்டு நடக்கவேயில்லை. பின்னர் அது இலாபத்தின் வழியைக் கற்றுக்கொண்டது. 2025இல் அதன் பொதுச் சீட்டு 600 டொலரை அண்மித்தது. அச்சீட்டை வாங்கியோரில் ஏறத்தாழ 60 வீதத்தினர் தவணை முறையிற் பணம் கட்டினர் என்று அமெரிக்க இசைத்தொழில் ஏடான ‘பில்போட்’ எழுதியது. கடனில் உள்ளே வந்தவன் உள்ளே உண்பதையும் கடனில்தான் உண்கிறான் எனலாம்.

வேறு வழியே இல்லையா எனக் கேட்போருக்கு இங்கிலாந்தின் கிளாஸ்ரன்பெரி விழாவைச் சுட்டலாம். 1970இல் ஒரு பவுண் சீட்டோடு பண்ணைப் பாலை இலவசமாகக் கொடுத்துத் தொடங்கிய அவ்விழாவின் சீட்டு 2025இல் 373 பவுண் 50 பென்ஸ். அங்கேயும் ஏழைக்கு இடம் சுருங்கியே விட்டது. ஆனால் உணவைக் கையோடு கொண்டுபோகத் தடையில்லை. குழாய்த் தண்ணீர் எங்கும் உண்டு. 6 பவுணுக்கு ஒருவேளை உணவு தரும் கடைகளைக் குறித்துக் காட்டும் ஏற்பாடும் செய்யப்பட்டது. வாயில் திறந்திருந்தால் உள்விலையும் ஓரளவு அடங்கியே நிற்கிறது. பிரேசிலில் அவ்வாயிலைத் திறக்க ஓர் உயிர் தேவைப்பட்டது. 2023 நவம்பரில் ரியோ டி ஜெனெய்ரோவில், கடும் வெப்பத்திடையே நடந்த ரெயிலர் சுவிஃப்ற்றின் இசை நிகழ்ச்சியில் ஓர் இளம் இரசிகை மயங்கி வீழ்ந்து மாண்டார். இரசிகர்கள் தண்ணீர் கொண்டுசெல்லத் தடுக்கப்பட்டிருந்தனர். மறுநாளே நீதி அமைச்சு, இத்தகைய நிகழ்ச்சிகளுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவர அனுமதிக்க வேண்டும், வெப்பம் மிக்க வேளைகளில் இலவசமாகக் குடிநீர் வழங்க வேண்டும் என உத்தரவிட்டது.

மூன்று படங்களையும் பார்க்க அவகாசமில்லாத மாணவ நண்பர்களுக்கு 2022ஆம் ஆண்டுப் படத்தின் மூன்றாம் பகுதியைப் பரிந்துரைப்பேன். விழா நடத்தியவர்கள் அதிலே, சிறு கூட்டமொன்றின் குழப்பமே எல்லாவற்றுக்கும் காரணம் என்கின்றனர். அப்பேச்சைக் கேட்டுக்கொண்டே, தீயின் வெளிச்சத்தில் உடைந்து கிடக்கும் கடைகளின் மீது கண்ணை வைத்திருங்கள்.