கறுப்பு மூன்று வகை: அமெரிக்க கிரில் புத்தகங்களைப் படித்தபோது

அமெரிக்க பார்பிக்யூ புத்தகம் எது கையில் கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது சுத்தம் செய்வது பற்றிய பக்கங்களை. கறி எப்படிச் சுடுவது என்பதை அநேகமாக எல்லோரும் நன்றாகவே எழுதிவிடுகிறார்கள். அடுப்பைத் துடைப்பது பற்றி எழுதும்போதுதான் அந்த அடுப்பு ஆசிரியருக்கு எவ்வளவு பரிச்சயம் என்பது வெளியே வருகிறது. அங்கே வீட்டுக் கொல்லையில் நிற்கும் கிரில், வெயில் மழை பனி எல்லாவற்றிலும் கிடக்கும் ஓர் இரும்புப் பெட்டி. அதைப் பராமரிப்பது பற்றிச் சமையல் புத்தகங்களிலும் கம்பெனிக் கையேடுகளிலும் பத்திரிகைப் பத்திகளிலும் எக்கச்சக்கமாக எழுதியிருக்கிறார்கள். படித்தவரையில் எனக்குப் பட்ட பெரிய குறை இது: கிரில்லில் கறுப்பாக இருக்கும் எல்லாவற்றையும் ஒரே சாமானாக நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

கறுப்பில் குறைந்தது மூன்று வகை உண்டு. வெறும் வார்ப்பிரும்புக் கம்பித்தட்டில் எண்ணெயை மெல்லிசாகத் தடவிச் சூடேற்றினால், எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியான ஒரு மேல்தோலாக மாறும். அது வழவழப்பாக இருக்கும், கையில் ஒட்டாது, துருவைத் தடுக்கும். இது முதல் கறுப்பு. கறியும் சாஸில் உள்ள சர்க்கரையும் தீய்ந்து கம்பியில் மேடு மேடாக நிற்பது இரண்டாவது. அது வெறும் கரி. பொருபொருவென்று உதிரும், எதையும் காப்பாற்றாது, அடுத்த முறை மீன் வைத்தால் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, முழுசாக எரியாமல் பெட்டியின் அடியிலும் கொழுப்பு வடியும் தட்டிலும் தேங்கும் பிசுக்கு. அது எரிபொருள். முதலாவதை வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டாவதைச் சுரண்ட வேண்டும், மூன்றாவதை வழித்து அப்புறப்படுத்த வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை இப்படிப் பிரித்துச் சொல்லும் பக்கத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் ஒரு வார்த்தை என்று நினைக்கிறேன். முதல் கறுப்பை ஆங்கிலத்தில் ‘சீசனிங்’ என்கிறார்கள். அதே வார்த்தைக்கு உப்பு, மிளகு, மசாலா சேர்ப்பது என்றும் அர்த்தம். போதாதா? சீசனிங் என்றாலே ருசி, அப்படியென்றால் கிரில்லில் படிந்திருப்பதும் ருசி, கழுவினால் ருசி போய்விடும் என்று ஒரு நம்பிக்கை வளர்ந்துவிட்டது. ‘எங்க அப்பா கிரில்லை இருபது வருஷமா கழுவினதில்லை, அதான் அந்த ருசி’ என்கிற மாதிரியான பெருமைப் பேச்சு இந்த எழுத்துகளில் அடிக்கடி வரும். நம் வீடுகளில் தோசைக்கல்லைப் ‘பழக்குவது’ என்கிறோம். செய்வது அதே வேலைதான். எண்ணெய், சூடு, மறுபடி எண்ணெய். ஆனால் பழக்குவது என்ற சொல்லில் ருசி இல்லை. கல் நம் கைக்கு வசப்படுவது மட்டும்தான் இருக்கிறது. பழகிய கல்லில் தோசை ஒட்டாமல் வரும் என்போமே தவிர, கல்லில் பிடித்த கரியால் தோசைக்கு ருசி கூடும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நேரடிக் கரியிலோ கேஸிலோ சுடும்போது வரும் அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. கறியின் மேற்பரப்பு சிவப்பதிலிருந்தும், அப்போதே சொட்டும் கொழுப்பும் சாறும் சூட்டில் பட்டுப் புகையாகி மேலே வருவதிலிருந்தும் வருகிறது. போன மாதக் கொழுப்பு காற்றில் கிடந்து காறிப்போயிருக்கும். அது எரிந்தால் காறல் புகைதான் வரும். மீட்ஹெட் கோல்ட்வின், இயற்பியலாளர் கிரெக் ப்ளாண்டரின் துணையோடு 2016-இல் கொண்டுவந்த புத்தகம் இந்த மாதிரி நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே எழுதப்பட்டது. அதன் தொனி சில இடங்களில் கொஞ்சம் வாத்தியார்த்தனமாக இருந்தாலும், ‘ஏன்’ என்று கேட்கும் பழக்கம் இந்த வகைப் புத்தகங்களில் அரிது என்பதால் அது எனக்குப் பிடிக்கும்.

ஸ்டீவன் ரைக்லன் வேறு மாதிரி. 1998-இல் வந்த ‘தி பார்பிக்யூ பைபிள்’ அவரைப் பிரபலமாக்கியது. தட்டு சூடாக, சுத்தமாக, எண்ணெய் தடவியதாக இருக்க வேண்டும் என்பது அவர் ஓயாமல் சொல்லும் விதி. விதி நல்ல விதி. அதன் வரிசைதான் முக்கியம்: முதலில் சூடு. குளிர்ந்த கம்பியில் ஒட்டிய கரி லேசில் வராது. சூடான கம்பியில் இளகியும் நொறுங்கியும் வந்துவிடும். வெங்காயத்தைப் பாதியாக வெட்டி முள்கரண்டியில் குத்திச் சூடான தட்டைத் தேய்க்கும் வழக்கமும் இந்த உலகத்தில் பிரபலம். தோசைக்கல்லில் வெங்காயம் தேய்த்து வளர்ந்த நமக்கு அதைப் படித்தால் ‘அட, நம்மாளு’ என்று தோன்றும். ஆனால் இந்த விதி கம்பித்தட்டோடு நின்றுவிடுகிறது. கிரில்லில் தட்டு ஒரு பாகம் மட்டுமே. வாசகர் பணம் கொடுத்து வாங்கிய மீதிப் பெட்டியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

தட்டு எதனால் ஆனது என்ற கேள்வியையும் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். இன்று விற்கும் வார்ப்பிரும்புத் தட்டுகளில் பல எனாமல் பூசியவை. எனாமல் என்பது உலோகத்தின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. அதைத் துருவிலிருந்து காப்பாற்ற எண்ணெய்த் தோல் தேவையில்லை. ஆனால் இரும்புச் சுரண்டியால் ஓங்கிச் சுரண்டினால் எனாமல் தெறிக்கும், தெறித்த இடத்தில் துரு நுழையும். வெறும் இரும்புக்குச் சொன்ன அறிவுரையை இதற்குச் சொன்னால் தட்டு கெடும். அதைவிட மோசம், ‘ஓவன் க்ளீனர் அடித்து ஊறவிடுங்கள்’ என்ற யோசனை. பல ஓவன் க்ளீனர்களில் இருப்பது காஸ்டிக் சோடா. பிசுக்கை அது அருமையாகக் கரைக்கும், சரிதான். கூடவே பழக்கிய வார்ப்பிரும்பின் தோலையும் கரைத்துவிடும். பல கேஸ் கிரில்களின் அடிப்பெட்டி வார்ப்பு அலுமினியம். காஸ்டிக் சோடா பட்டால் அலுமினியம் அரிக்கும், ஹைட்ரஜன் வாயு நுரைத்துக்கொண்டு வரும். எந்த உலோகம் என்று கேட்காமல் ஒரு ரசாயனத்தைச் சிபாரிசு செய்வது, நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுகிற கதை.

இதெல்லாம் சாமான் கெடுவது பற்றி. கம்பி பிரஷ் விஷயம் அப்படி இல்லை.

எஃகு அல்லது பித்தளை மயிர்களை மரக்கட்டையில் சொருகிய பிரஷ் பல வருஷங்களாக இந்த எழுத்துகளில் இயற்கைப் பொருள் மாதிரி வந்து போகிறது. ‘பிரஷ்ஷால் தேய்க்கவும்’, அவ்வளவுதான். அந்த மயிர் தேய்ந்து ஒடிந்து தட்டில் ஒட்டும். தட்டிலிருந்து கறிக்கு, கறியிலிருந்து தொண்டைக்கு. ஊசி மாதிரி மெல்லிசு, பல்லில் தட்டுப்படாமலே இறங்கிவிடும். 2012 ஜூலையில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, ராட் ஐலண்டில் ஒரே மருத்துவமனை வட்டாரத்தில் 2011 மார்ச் முதல் 2012 ஜூன் வரை வந்த ஆறு பேரைப் பற்றி எழுதியது. சிலருக்குத் தொண்டையில் குத்தல், சிலருக்குக் குடலில் துளை, அறுவை சிகிச்சை. அதற்கு முன்பும் அங்கே இதே மாதிரி ஆறு பேர் வந்திருந்தார்கள். பிறகு மிசௌரி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 2002 முதல் 2014 வரை அமெரிக்காவின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு இப்படி வந்தவர்கள் 1,600-க்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

அவ்வளவு பெரிய நாட்டில் வருஷத்துக்கு நூற்றுச் சொச்சம் பேர் என்பது சின்ன எண்தான். பீதியைக் கிளப்ப வேண்டியதில்லை. என் ஆட்சேபம் அறிவுரை எழுதியவர்கள் இதை எதிர்கொண்ட விதத்தில். பலரும் செய்தது பழைய வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு கீழே ஒரு வரி சேர்த்தது: உதிர்ந்த மயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும், பிரஷ்ஷை ஆண்டுதோறும் மாற்றவும். கருகிய கம்பியின் இடுக்கில் கறுப்பேறிய ஒரு மயிரை, அந்தி நேரத்தில், விருந்தாளிகள் சுற்றி நிற்கும்போது யார் பார்ப்பார்? பார்க்கவே முடியாததைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பொறுப்பைக் கைமாற்றிவிடுகிறார்கள். மாற்று இல்லையென்றால் சரி, என்ன செய்ய என்று விடலாம். மாற்று இருக்கிறது: தட்டின் பள்ளங்களுக்கு ஏற்ப நாளாவட்டத்தில் தானே தேய்ந்து பொருந்திக்கொள்ளும் மரச் சுரண்டி, வெறும் உலோகத் தட்டென்றால், கசக்கிப் பந்தாக்கிய அலுமினியத் தாளை இடுக்கியில் பிடித்துத் தேய்ப்பது, பிறகு இடுக்கியில் பிடித்த ஈரத்துணியால் சூடான தட்டை ஒரு துடை. கடைசித் துடைப்பு எந்தக் கருவியோடும் சேர வேண்டியது, ஏனென்றால் உதிர்ந்தது எதுவானாலும் அது எடுத்துவிடும். மேலே சொன்ன மருத்துவ அறிக்கைகள் யாரும் படிக்கக் கிடைக்கின்றன. ஒரு சமையல் புத்தகம் மறுபதிப்புக்குப் போகும்போது இந்த வாக்கியத்தை அடியோடு மாற்றி எழுத அரைப் பக்கம் போதும்.

மூன்றாவது கறுப்புக்கு, அதாவது பிசுக்குக்கு, புத்தகங்கள் கொடுக்கும் இடம் இன்னும் குறைவு. ருசியோடு சம்பந்தமில்லையே! அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் கணக்குப்படி 2014-18 ஆண்டுகளில் கிரில்களால் ஏற்பட்ட வீட்டுத் தீ விபத்துகள் வருஷத்துக்குச் சராசரியாக 10,600. அவர்கள் விருந்து வைக்கும் ஜூலையில்தான் உச்சம். கட்டடம் வரை போன தீயில் சுமார் ஐந்தில் ஒன்றுக்கு, கிரில்லைச் சரியாகச் சுத்தம் செய்யாதது காரணமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆக, பளபளவென்று தட்டைத் தேய்த்துவிட்டு அடியில் தட்டு நிறையக் கொழுப்பை விட்டுவைப்பவர் சுத்தக்காரர் இல்லை. சமைத்த பின் மூடியைப் போட்டு முழுத் தீயில் பதினைந்து நிமிஷம் எரிய விடுங்கள் என்ற வழக்கமான யோசனையும் அடியைப் பார்த்த பிறகு செய்ய வேண்டியது. அந்த முன்பாதி வாக்கியம் பல இடங்களில் விட்டுப்போயிருக்கிறது.

உண்மையில் இந்தப் பிரச்சினையைப் பற்றி நன்றாக யோசித்தவர்கள் எழுத்தாளர்களைவிடச் சாமான் செய்தவர்கள்தான். வெபர் நிறுவனத்தின் ஜார்ஜ் ஸ்டீபன் 1952-இல் ஓர் உலோக மிதவையை இரண்டாக வெட்டி உருண்டை கிரில் செய்த கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிட முக்கியம், பிற்பாடு அதன் அடியில் வந்த மூன்று தகடும் ஒரு கைப்பிடியும். அசைத்தால் சாம்பல் கீழே கொட்டிவிடும். கரிச் சாம்பல் காரத்தன்மை உள்ளது, ஈரத்தை இழுக்கும். ஒரு மழை பெய்தால் அடியில் குழைந்து கிடந்து இரும்பைத் தின்னும். குனிந்து அள்ளச் சொன்னால் பாதிப் பேர் அள்ள மாட்டார்கள் என்று தெரிந்தவர் செய்த வேலை அது. கேஸ் கிரில்களில் முன்பு எரிமலைக் கற்களைப் பரப்பியிருந்தார்கள். கல் கொழுப்பைக் குடித்துவிட்டு, பிறகு தீப்பிடிக்கும். அதைக் கழுவுவது பெரும்பாடு. 1985-இல் வெபரின் ஜெனிசிஸ், கல்லுக்குப் பதில் சாய்வான உலோகத் தகடுகளை வைத்தது. கொழுப்பில் கொஞ்சம் அங்கேயே புகையாகும், மீதி வழிந்து தட்டுக்குப் போகும்.

கையேடுகளையும் குறைவாகச் சொல்ல மாட்டேன். பாதிப் பக்கம் வக்கீலுக்குப் பயந்து எழுதியது என்றாலும், மூடியின் உள்பக்கம் செதில் செதிலாக உரிந்தால் அது பெயின்ட் இல்லை, கொழுப்புப் புகை படிந்து கரியானது, உணவில் விழுமுன் துடைத்துவிடுங்கள் என்பதை வெபர் கையேடு நேராகச் சொல்கிறது. அப்புறம் சிலந்திப் பக்கம். கேஸ் கிரில் சும்மா கிடக்கும் மாதங்களில் பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டும். காற்றும் கேஸும் கலக்கும் வாய் அடைபடும், தீ மஞ்சளாகச் சோம்பி எரியும், முற்றிப்போனால் பின்வாங்கிக் கைப்பிடிகள் பக்கமே பற்றும். குழாயைக் கழற்றிக் கம்பியோ மெல்லிய பிரஷ்ஷோ விட்டுத் துடைக்க வேண்டும், பிறகு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பார்க்க வேண்டும். கையேட்டில் இது படத்தோடு இருக்கிறது. நான் பார்த்த சமையல் புத்தகங்களில் சிலந்திக்கு ஒரு வரிகூட இல்லை.