ஒப்புதல் மேசையில் தீர்மானமாகும் திட்டங்கள்

நிறுவனங்கள் திட்டங்களை நடத்தும் விதம் பற்றிய ஆய்வு, நெடுங்காலம் கருவிகளைப் பற்றிய ஆய்வாகவே இருந்தது. 1910-களில் ஹென்றி கான்ட்டின் பட்டை வரைபடம், 1950-களின் இறுதியில் டூபான்ட் நிறுவனத்தின் முக்கியப் பாதை முறை, 1958-இல் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைக்காக உருவாக்கிய பெர்ட் (PERT) திட்டமிடல் முறை என்று வரிசையாக வந்தன. வேலையைச் சரியாகப் பிரித்து, எது எதற்குக் காத்திருக்கிறது என்று கணக்கிட்டுவிட்டால் காலமும் செலவும் கட்டுக்குள் நிற்கும் என்ற நம்பிக்கை பாடநூல்களை நிறைத்தது. அந்த நம்பிக்கையை ஆட்டிய முதல் பெரிய ஆய்வு, ஹார்வி சபோல்ஸ்கி 1972-இல் வெளியிட்ட பொலாரிஸ் வரலாறு. பெர்ட் அந்தத் திட்டத்தை உள்ளிருந்து நடத்தியதைவிட, வெளியாரின் தலையீட்டைத் தடுக்கவே அதிகம் உதவியது என்று அவர் காட்டினார். கணினியும் வண்ண வரைபடங்களும் நாடாளுமன்றத்தாரையும் மேலதிகாரிகளையும் திருப்திப்படுத்தின. பொறியாளர்கள் தங்கள் வழியில் வேலை செய்தார்கள். திட்ட மேலாண்மை ஆய்வின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான் என்பது என் கருத்து. திட்டத்தின் கதி வேலைத்தளத்தில் தீர்மானமாவதைவிட, அதைப் பெற்றெடுக்கும் அமைப்பின் அதிகார உறவுகளில்தான் அதிகம் தீர்மானமாகிறது.

இதற்கு எண்களால் வலுச் சேர்த்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃப்ளிவ்பியர்க். அவரும் அவரது சக ஆய்வாளர்களும் 2002-இல் 20 நாடுகளின் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஒப்பிட்டார்கள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது திட்டங்கள் மதிப்பீட்டைத் தாண்டியிருந்தன. சராசரி மீறல் ரயில் திட்டங்களில் 44.7 சதவீதம், சாலைகளில் 20.4 சதவீதம். அதைவிட உறுத்தும் முடிவு, 70 ஆண்டுகளில் மதிப்பீடுகள் துல்லியமடையவே இல்லை என்பது. தெரியாமல் செய்த பிழை என்றால் சில மதிப்பீடுகள் கூடுதலாகவும் சில குறைவாகவும் அமைந்திருக்க வேண்டும். அனுபவத்தால் திருந்தியும் இருக்க வேண்டும். ஒரே பக்கமாகச் சாயும் பிழைக்கு மனித மனத்தின் அதீத நம்பிக்கை ஒரு காரணம். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே அதை விளக்கியிருக்கிறார்கள். ஆனால் 70 ஆண்டுகள் திருந்தாத பிழையை மனத்தின் மீது மட்டும் சுமத்த முடியாது. குறைத்துச் சொல்பவருக்கே ஒப்புதல் கிடைக்கும் ஏற்பாடு அதற்குப் பின்னால் இருக்கிறது.

சிட்னி ஆபரா ஹவுஸ் இதை அருகிலிருந்து காட்டுகிறது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் 1963-இல் முடியும் என்று சொல்லப்பட்ட கட்டடம் 10.2 கோடி டாலரில் 1973-இல் திறக்கப்பட்டது. வழக்கமான விமர்சனம் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சனின் கனவையும், பிடிபடாத அந்தக் கூரையையும் குறை சொல்லும். ஆனால் வேலை 1959 மார்ச்சில் தொடங்கியபோது கூரையின் வடிவக் கணக்கே தீர்ந்திருக்கவில்லை. அரசியல் ஆதரவு நழுவிவிடுமுன் திரும்ப முடியாத அளவுக்குக் கட்டுமானம் நகர்ந்துவிட வேண்டும் என்று மாநில முதல்வர் ஜோ காஹில் அவசரப்பட்டார். கூரையின் எல்லா வளைவுகளையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுக்கலாம் என்ற தீர்வு 1961-இல்தான் கிடைத்தது. அதற்குள் எழுப்பப்பட்டிருந்த அடித்தளத் தூண்களுக்குக் கூரையைத் தாங்கும் பலம் இல்லாததால், அவற்றை மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. இந்தத் தூண்களை எந்தப் பட்டை வரைபடமும் காப்பாற்றியிருக்காது. ஸ்வீடன் ஆய்வாளர் மேட்ஸ் எங்வால் 2003-இல் வாதிட்டதும் இதையே: திட்டத்தை அதன் அமைப்பிலிருந்தும் முன்வரலாற்றிலிருந்தும் பிரித்தெடுத்துப் படித்தால் ஒன்றும் விளங்காது.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. பீட்டர் லவ் போன்ற ஆய்வாளர்கள், எந்த மதிப்பீட்டிலிருந்து அளக்கிறோம் என்பதே முடிவை மாற்றிவிடும் என்கிறார்கள். திட்டம் வளரும்போது அதன் எல்லையும் மாறுகிறது, அதை ஏமாற்று என்பது அநியாயம் என்பது அவர்கள் வாதம். அளவீடு பற்றி அவர்கள் சொல்வது சரி. ஆயினும் ஒப்புதல் பெற்றபின் எல்லை விரிவது ஏன் இத்தனை வழக்கமாயிற்று என்ற கேள்வி மறுபடி அந்த ஒப்புதல் மேசைக்கே வந்து சேருகிறது. இரண்டாவது மறுப்பு பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1967-இல் எழுப்பியது. அவர் காட்டிய உதாரணத்தில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கர்ணபுலி காகித ஆலைக்கு ஆதாரமான மூங்கில் காடுகள் பூத்து மடிந்தன. நெருக்கடியே வேறு மூலப்பொருள் வழிகளைத் தேட வைத்தது. இடர்கள் முன்பே தெரிந்திருந்தால் நல்ல திட்டங்கள் பல தொடங்கியிருக்கவே மாட்டா என்றார். அழகான வாதம், மனத்தைத் தொடும் வாதமும்கூட. ஆனால் ஃப்ளிவ்பியர்க் 2,062 திட்டங்களை வைத்துச் சோதித்தபோது, நான்கில் மூன்று பங்குக்கு மேலானவற்றில், எதிர்பாராத செலவை ஈடுகட்டும் எதிர்பாராத பலன் கிடைக்கவில்லை. தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் பார்த்தால் அறியாமை வரமாகத்தான் தெரியும்.

அமைப்பை மாற்றினால் முடிவு மாறுமா என்பதற்கு நார்வே ஒரு பதில் தந்திருக்கிறது. 2000 முதல் அங்கே பெரிய அரசுத் திட்டங்களின் மதிப்பீடுகளை, நாடாளுமன்றம் பணம் ஒதுக்குமுன் வெளி நிபுணர்கள் சரிபார்க்க வேண்டும் என்று நிதி அமைச்சகம் விதித்தது. அதைத் தொடர்ந்து ஆராய டிரோன்ஹைம் பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வுத் திட்டமே நடக்கிறது. முடிந்த திட்டங்களில் பெரும்பாலானவை ஒதுக்கிய தொகைக்குள் நின்றன. கருவிகள் அப்படியேதான் இருந்தன. யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் மாறியது. ஆனால் அதே ஆய்வாளர்கள் சாலைத் திட்டங்களை இன்னும் பின்னோக்கித் துருவியபோது, முதல் யோசனைக்கும் சரிபார்ப்புக்கும் இடையிலான ஆண்டுகளில் மதிப்பீடு பெரிதும் ஏறியிருப்பதைக் கண்டார்கள். சரிபார்ப்பு வரும்போது அந்தச் சாலைக்கு ஊர்களும் கட்சிகளும் வாக்குக் கொடுத்து முடித்திருக்கும். இந்தத் துறை இனி அதிகம் உழைக்க வேண்டிய இடம், பெரும்பாலும் எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத அந்த முதல் ஆண்டுகள்தான்.